டிஜிட்டல் திறப்புகளுக்கு நேர அட்டவணை அமைத்தல்: கொழும்புத் தொடர்மாடிவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நான் வசிக்கும் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வீட்டுக் கதவுகளில் இலத்திரனியல் பூட்டுகளைப் பொருத்திய பிறகு அயலவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் தேடிக் கண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தவொரு நிறுவனத்தின் பூட்டையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. பட்டன்களின் பெயர் பூட்டுக்குப் பூட்டு மாறினாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

டிஜிட்டல் திறப்புக்கு நேர அட்டவணை எதற்கு?

இரும்புத் திறப்பு ஒன்றை ஒருவரிடம் கொடுத்தால், அதைத் திரும்ப வாங்கும் வரை இரவு பகல் எல்லா நேரத்துக்கும் அனுமதி கொடுத்ததாகவே பொருள்படும். டிஜிட்டல் திறப்பு கைத்தொலைபேசியில் இருக்கலாம், இரகசிய இலக்கமாக இருக்கலாம், அட்டையாகவோ கைவிரல் அடையாளமாகவோ இருக்கலாம். எந்த வடிவில் இருந்தாலும், அந்த அனுமதியோடு எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் மட்டும் திறக்கும் திறப்பை இரும்பில் வார்க்க முடியாது.

இதை அவநம்பிக்கையின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், எந்நேரமும் உள்ளே வரக்கூடிய திறப்பை வைத்திருப்பவர் மீதே முதலில் சந்தேகம் விழுகிறது. நேரம் வரையறுக்கப்பட்டிருந்தால் அந்தச் சந்தேகத்திலிருந்து அவருக்கும் பாதுகாப்பு உண்டு.

யாருக்கு எந்த வகை அட்டவணையைக் கொடுக்க வேண்டும்?

பூட்டோடு வரும் கைத்தொலைபேசிச் செயலிகள் பெரும்பாலானவற்றில் நான்கு வகைகள் இருக்கும்: எந்நேரமும் செல்லுபடியாகும் நிரந்தரத் திறப்பு, ஒரு திகதியில் தொடங்கி இன்னொரு திகதியில் முடியும் தவணைத் திறப்பு, கிழமை நாட்களை வைத்துத் திரும்பத் திரும்ப வரும் வாராந்தத் திறப்பு, ஒரு தடவை திறந்ததும் செயலிழக்கும் ஒற்றைத் திறப்பு.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வாராந்தத் திறப்பு பொருத்தமானது. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ரியூஷன் ஆசிரியருக்கும் அதுவே போதும், ஆனால் பரீட்சை நெருங்கும்போது வகுப்பு நாட்கள் கூடும் என்பதை நினைவில் வைத்திருங்கள். குளிரூட்டி திருத்த வருபவருக்கு ஒற்றைத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் அறிவேன்: அவர் ஒரு தடவை உள்ளே வந்து பார்த்து, உதிரிப்பாகம் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் கதவு திறக்காது. அப்படிப்பட்ட வேலைக்கு அன்றைய நாளுக்கு மட்டுமான தவணைத் திறப்பே சரி.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தவணைத் திறப்பைக் கொடுக்கும்போது தொடக்க நேரத்தைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டவர்கள் விடியற்காலையிலேயே காலி வீதியில் இறங்கிவிடுவார்கள். செயலி தானாகவே காட்டும் தொடக்க நேரத்தை அப்படியே விட்டுவிட்டால், பைகளோடும் பிள்ளைகளோடும் அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க நேரிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு விமான நேரத்தை வைத்துக் கணக்கிடாமல், வரும் நாளின் முந்திய நள்ளிரவிலிருந்தே தொடங்கிவிடுவது நல்லது.

எந்த வகையாக இருந்தாலும் முடிவுத் திகதி ஒன்றைப் போடுங்கள். வாராந்தத் திறப்புக்குக்கூட 6 மாதத்தில் ஒரு முடிவை வைத்து, தேவைப்பட்டால் புதுப்பியுங்கள். முடிவில்லாத திறப்பை யார் யாரிடம் கொடுத்தோம் என்பது ஒரு வருடத்துக்குப் பிறகு நமக்கே மறந்துவிடுகிறது.

வேலை நேரம் காலை 8 முதல் 12 வரை. அட்டவணையிலும் அதையே எழுதலாமா?

எழுத வேண்டாம். மழை நாளில் காலி வீதியில் பேருந்து எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். முன்பக்கம் அரை மணி நேரமும் பின்பக்கம் ஒரு மணி நேரமும் கூட்டி, 7.30 முதல் 1 மணி வரை என்று எழுதுவது என் வழக்கம். வேலையின் நடுவில் குப்பை கொட்டவோ, கீழே கடைக்கோ போய்த் திரும்புபவருக்கும் கதவு திறக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. மிகவும் இறுக்கமாக எழுதப்பட்ட அட்டவணையால் திருடன் தடுக்கப்பட்டதை நான் கண்டதில்லை. உரிய ஆள் கதவுக்கு வெளியே நின்றதைத்தான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இங்கே இன்னொரு சிறு எச்சரிக்கை. செயலி 12 மணி நேர முறையில் இருந்தால், நண்பகல் 12-க்கும் நள்ளிரவு 12-க்கும் இடையில் தவறு நேர்வது மிகச் சாதாரணம். அமைப்புகளில் 24 மணி நேர முறைக்கு மாற்றிவிட்டால் அந்தக் குழப்பம் அடியோடு நீங்கிவிடும்.

நேரம் முடியும்போது உள்ளே இருப்பவர் உள்ளேயே பூட்டப்பட்டுவிடுவாரா?

வீட்டுக் கதவில் பொருத்தப்படும் சாதாரண இலத்திரனியல் பூட்டில் அப்படி நடக்காது. அட்டவணை கட்டுப்படுத்துவது வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டுமே. உட்பக்கக் கைப்பிடியோ திருகு பிடியோ இயந்திர முறையில் நேரடியாக இயங்கும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். தீ விபத்தின்போது இருட்டிலும் புகையிலும் ஒருவர் தடவித் தடவியேனும் வெளியேற முடிய வேண்டும் என்பதே இதன் காரணம்.

கட்டடத்தின் பொது வாயில்களில் பொருத்தப்படும் காந்தப் பூட்டுகள் வேறு வகையானவை. மின்சாரம் பாயும்வரைதான் அவை கதவைப் பிடித்து வைத்திருக்கும், மின்சாரம் நின்றால் விட்டுவிடும். உள்ளிருந்து வெளியேற ஒரு பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது அழுத்திப் பார்க்குமாறு உங்கள் கட்டடப் பொறுப்பாளரிடம் வலியுறுத்துங்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரவுத் தாதி வருகிறார். மாலை 7 முதல் காலை 7 வரை என்று போட்டால் செயலி ஏற்க மறுக்கிறது. ஏன்?

பல பூட்டுகளில் வாராந்த அட்டவணையின் ஒரு வரி ஒரே நாளுக்குள் அடங்க வேண்டும். முடிவு நேரம் தொடக்க நேரத்துக்குப் பின்னர் வர வேண்டும். இலத்திரனியல் வீட்டுச் சாதனங்களுக்காகப் பல நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட மேட்டர் (Matter) தரநிலையிலும் கிழமை நாள் அட்டவணைக்கு இதுதான் விதி. நமக்கு ஓர் இரவு என்பது தொடர்ச்சியான ஒன்று, பூட்டுக்கோ நள்ளிரவில் நாள் முறிந்துவிடுகிறது.

எனவே இரவை இரண்டாக வெட்ட வேண்டும். மாலை 6.30 முதல் இரவு 11.59 வரை ஒரு வரி, நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை இன்னொரு வரி. கிழமைகளை இடும்போதுதான் பெரும்பாலானோர் தவறிவிடுகிறார்கள். தாதி திங்கள் முதல் வெள்ளி வரையான இரவுகளில் வருகிறார் என்றால், முதல் வரிக்குத் திங்கள் முதல் வெள்ளி என்று இட வேண்டும், இரண்டாவது வரிக்குச் செவ்வாய் முதல் சனி என்று இட வேண்டும். வெள்ளி இரவின் பின்பாதி பூட்டின் கணக்கில் சனிக்கிழமையைச் சேர்ந்தது. இரண்டு வரிக்கும் ஒரே கிழமைகளை இட்டுவிட்டால், வெள்ளி நள்ளிரவுக்குப் பிறகு மருந்து வாங்கக் கீழே போன தாதியால் திரும்ப மேலே வர முடியாது. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இதுவே. தாதி காவலாளியின் அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நோயாளி தனியாக இருந்தார்.

போயா நாட்களையும் பண்டிகை நாட்களையும் பூட்டு தானாக அறிந்துகொள்ளுமா?

அறியாது. போயா பௌர்ணமியைப் பின்பற்றி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்களுக்கு ஒரு தடவை வருவதால், ஒவ்வொரு மாதமும் வேறொரு கிழமையில் விழுகிறது. கிழமைகளை மட்டுமே அறிந்த ஒரு வாராந்த அட்டவணைக்குள் அதை அடக்க வழியில்லை. தீபாவளி, மகா சிவராத்திரி, ரமழான் பெருநாள் ஆகியவையும் அப்படித்தான். சில பூட்டுகளில் விடுமுறை அட்டவணை என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதில் குறிப்பிட்ட திகதிகளை எழுதினால் அந்த நாட்களில் வாராந்த ஒழுங்குக்குப் பதிலாக வேறோர் ஒழுங்கு நடைமுறைக்கு வரும். ஆண்டுத் தொடக்கத்தில் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவிட்டால் முழு ஆண்டுக்கும் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: விடுமுறை நாளில் அந்தத் திறப்பை உண்மையில் மூட வேண்டுமா? மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஹட்டனுக்கோ பதுளைக்கோ போய்விடுவார். அவர் வராத நாளில் திறப்பு செல்லுபடியாக இருப்பதால் நட்டம் எதுவுமில்லை. மறுபக்கம், போயா நாளில் நீங்கள் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்க, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவருக்குக் கதவு திறக்காவிட்டால் நட்டம் உண்டு. வீடு பல நாட்கள் பூட்டியிருக்கும் காலத்துக்கு மட்டும் விடுமுறை அட்டவணையைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

நான் லண்டனில் இருக்கிறேன், வீடு கொழும்பில். அட்டவணையில் எந்த ஊர் நேரத்தை எழுதுவது?

பூட்டு இருக்கும் ஊரின் நேரத்தை. ஆனால் செயலி உங்கள் தொலைபேசியின் நேரத்தைக் காட்டுகிறதா, பூட்டின் நேரத்தைக் காட்டுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களிடமிருந்து எனக்கு வரும் முறைப்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் முடிகின்றன.

இலங்கை நேரம் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நான்கரை மணி நேரம். டொரோண்டோவுக்கு அது முறையே பத்தரையும் ஒன்பதரையும் ஆகும். நீங்கள் மனக்கணக்கில் நேரத்தை மாற்றி எழுதினால், மார்ச் மாத இறுதியில் லண்டனில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாளில் வெள்ளவத்தைக் கதவின் அட்டவணை ஒரு மணி நேரம் பிசகிவிடும். பூட்டின் அமைப்புகளில் நேர வலயத்தைக் கொழும்பு என்று ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பின் கொழும்பு நேரத்திலேயே எழுதுங்கள்.

நேர வலயங்களைக் கூட்டல் எண்களாகப் பட்டியலிடும் பழைய சாதனங்களில் 6 மணி முன்னால் என்பதற்கு அருகே கொழும்பின் பெயர் இருக்கக்கூடும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. மின்சார நெருக்கடி காரணமாக 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஆறரை மணிக்கு முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 6 மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுக் காலத்தில் கொழும்பில் ஒரு நேரமும் வன்னியில் வேறொரு நேரமுமாக வாழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இன்றைய சரியான தெரிவு 5.30 மட்டுமே.

அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கதவு பத்து நிமிடம் தாமதமாகத் திறக்கிறதே?

பூட்டின் கடிகாரம் பிந்தியிருக்கிறது. இணையத்தோடு இணையாத பூட்டு தனக்குள் இருக்கும் சிறிய பளிங்கு ஒன்றின் அதிர்வை எண்ணித்தான் நேரத்தைக் கணிக்கிறது. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் அந்தப் பளிங்கில் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 விநாடியும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 10 நிமிடமும் பிசகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புளூடூத் எட்டும் தூரத்தில் நின்று செயலியைத் திறந்து, நேரத்தைச் சரிசெய்யும் தெரிவை அழுத்துங்கள். பற்றரிகளை மாற்றிய ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். சில பூட்டுகளில் பற்றரியைக் கழற்றியதும் கடிகாரம் முழுவதுமாக மறந்துபோகிறது.

மின்வெட்டு வந்தால் அட்டவணை என்னவாகும்?

2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. எனவே இந்தக் கேள்வியை எழுப்பாமல் பூட்டு வாங்குவதே தவறு.

வீட்டுக் கதவுப் பூட்டுகள் பொதுவாக நான்கு சிறிய பற்றரிகளில் இயங்குபவை. சுவர் மின்சாரம் நிற்பதால் அவை நிற்காது. அட்டவணை பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தால், முன்பே கொடுத்த இலக்கங்களும் அட்டைகளும் அதே நேரத்தில் அதே விதமாகத் திறக்கும். நின்றுபோவது வைஃபை மட்டுமே. வைஃபை இல்லையென்றால் நீங்கள் அலுவலகத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அனுப்பும் புதிய மாற்றம் எதுவும் பூட்டைச் சென்றடையாது. முக்கியமான ஒருவருக்கான திறப்பைக் கடைசி நிமிடத்தில் அனுப்பாமல், முதல் நாளே அனுப்பிச் சோதித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பற்றரி தீர்ந்துபோனால், பூட்டின் வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் முனையில் 9 வோல்ட் பற்றரியையோ, கைத்தொலைபேசிக்குப் பயன்படுத்தும் பவர் பேங்கையோ தொடுத்து ஒரு தடவை திறக்கலாம். எது என்பதை இப்போதே குனிந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மரைன் டிரைவ் பக்கம் பார்த்த வீடுகளில் உப்புக் காற்று பற்றரி முனைகளை அரித்துவிடுவதால், பற்றரியில் சக்தி இருந்தும் பூட்டு உயிரற்றுக் கிடப்பதுண்டு. பற்றரி மாற்றும்போது முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் திருத்துநரை அழையுங்கள்.

ஓர் இலக்கத்தைச் செயலியில் நீக்கிவிட்டேன். அது இன்னும் கதவைத் திறக்கிறதே?

இலக்கம் எவ்வாறு உருவானது என்பதைப் பொறுத்தது. இணையத்தோடு இணையாத பல பூட்டுகளில், செயலி ஒரு கணித முறைப்படி இலக்கத்தை உருவாக்குகிறது. அதே கணிதம் பூட்டுக்குள்ளும் இருக்கிறது. செல்லுபடியாகும் காலம் அந்த இலக்கத்திலேயே பொதிந்திருப்பதால், பூட்டு யாரையும் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் திரையிலிருந்து நீக்கிய செய்தி பூட்டுக்குத் தெரிய வழியில்லை. கதவருகே போய், புளூடூத் மூலம் பூட்டிலிருந்தே நீக்க வேண்டும். கைத்தொலைபேசியில் வழங்கிய திறப்பும் அவ்வாறே: அந்தத் தொலைபேசி இணையத்தோடு இணையும்வரை, முன்பு பெற்ற அனுமதி சில நேரம் அதில் தங்கியிருக்கலாம். யாரையேனும் உடனடியாகத் தடுக்க வேண்டிய நிலை வந்தால் கதவருகே போய் நீக்குவதே நிச்சயமான வழி. தொலைவிலிருந்து அழுத்திவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

வேலைக்கு வருபவரிடமும் ஆசிரியரிடமும் ஒரே இலக்கத்தைக் கொடுத்தால் என்ன?

ஒரே இலக்கத்துக்கு ஓர் அட்டவணைதான் இருக்க முடியும். இருவரின் நேரத்தையும் உள்ளடக்க அதை விரிக்க வேண்டிவரும், பதிவேட்டிலும் யார் வந்தார் என்பது தெரியாது. ஒருவருக்கு ஓர் இலக்கம் கொடுங்கள்.

பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை மணிக்கு எந்தத் திறப்பு திறந்தது என்பதைப் பூட்டு குறித்து வைக்கிறது. அந்தத் தகவல் உங்களுக்குத் தெரிகிறது என்பதை வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத் தாமதத்தைப் பதிவேட்டில் பார்த்துச் சம்பளத்தைக் கழிப்பதற்கான கருவி அல்ல இது. கட்டட மட்டத்தில் இத்தகைய பதிவுகளைச் சேர்த்து வைக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும். எதற்காகச் சேர்க்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதை எழுத்தில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வீட்டுக் கதவு திறக்கிறது, கீழ் வாயில் திறக்கவில்லை. யாரிடம் முறையிடுவது?

கீழ் வாயில், மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம் ஆகியவை பொது உறுப்புகள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றை நிருவகிப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். உங்கள் செயலியில் நீங்கள் எழுதும் அட்டவணை அங்கே செல்லாது. இரண்டு அட்டவணைகளும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு எழுதப்பட வேண்டும்; காவலாளியிடமும் ஆளின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செயலி வேண்டுமா?

ஐஓஎஸ் 18 முதல், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் செயலியிலேயே விருந்தினருக்கு நாளும் நேரமும் குறித்துக் கதவைத் திறக்க அனுமதி வழங்கலாம். பூட்டு அதற்கு ஒத்துழைக்க வேண்டும், விருந்தினரிடமும் ஐபோன் இருக்க வேண்டும். வேலைக்கு வரும் பலரிடம் அது இருக்காது என்பதால், இலக்கமும் அட்டையுமே நமக்கு இன்னும் நடைமுறையானவை.

அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கும் ஓர் அட்டவணை எழுதவா?

வேண்டாம். அந்த வீட்டில் வசிப்பவர் எவருக்கும் நேர வரையறை எழுதக்கூடாது. கோயிலுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பும் ஒரு மூதாட்டி தம் சொந்தக் கதவின் முன் நின்று நேரக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை வரக்கூடாது. அவருக்கு நிரந்தரத் திறப்பைக் கொடுங்கள், அதையும் இலக்கமாக அல்லாமல் அட்டையாகக் கொடுங்கள். வயதானவர்களின் கைரேகை தேய்ந்து பூட்டுக்குப் பிடிபடாமல் போவதுண்டு, பதற்றத்தில் இலக்கமும் மறந்துபோகும். அதோடு, அவர் நம்பும் பக்கத்து வீட்டு அன்ரி ஒருவருக்கும் அட்டவணையில்லாத திறப்பு ஒன்றைக் கொடுத்து வையுங்கள். அம்மா விழுந்துவிட்டால் அது எந்த நேரத்தில் நடக்கும் என்று யாராலும் எழுதி வைக்க முடியாது.